நூற்றிரண்டு வயது ஹக்கீமும் ஒரு சம்பந்தி விருந்தும்

ஹூஷங்கின் கால்சட்டை மறுபடியும் இறங்கிவிட்டது.

"ஏங்க, கையை எடுங்க. சம்பந்தி வீட்டுக்குக் கால்சட்டையைப் பிடிச்சுக்கிட்டேவா போவீங்க?" என்றாள் மஹீன்.

"கையை எடுத்தா கால்சட்டை போயிடும். எது வேணும்னு நீயே சொல்லு."

மஹீன் ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து இடுப்புவாரில் புதிதாக ஓர் ஓட்டை போட்டாள். இது நான்காவது. நாற்பது நாளில் நான்கு ஓட்டை. ஷீராஸ் தபால் நிலையத்தின் பார்சல் பிரிவில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து அவர் பொறுமையாகச் சேர்த்த தொப்பை, பத்து நாளைக்கு ஓர் ஓட்டை வீதம் கரைந்துகொண்டிருந்தது.

இந்தப் பெருமை முழுவதும் ஹக்கீம் தவக்குலுக்குத்தான் சேரவேண்டும். ஹக்கீம், இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஸந்த் வம்ச அரசர்கள் காலத்தில் இந்த ஊரில் வைத்தியம் பார்த்தவர். நூற்றிரண்டு வயது வரை ஒரு பல்கூட விழாமல் வாழ்ந்தார் என்று கேள்வி. பல்லை எண்ணிப் பார்த்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை ஒருத்தி, வியாழக்கிழமை தோறும் கலாசார மையத்தில் 'ஹக்கீமின் தட்டு' என்று வகுப்பு நடத்தி, வகுப்பு முடிவில் அதே பெயரில் ஒரு புத்தகத்தையும் கையில் திணித்து அனுப்பினாள். மஹீன் வாங்கியது ஏழாம் பதிப்பு.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: சர்க்கரை லேசாக எட்டிப்பார்க்கிறது, ரொட்டியைக் குறையுங்கள், கொஞ்சம் நடங்கள்.

"அந்த டாக்டருக்கு நாப்பத்தஞ்சு வயசு. ஹக்கீமுக்கு நூத்திரெண்டு. யாரு பேச்சைக் கேக்கிறது?" என்றாள் மஹீன். கணக்கு என்று பார்த்தால் அவள் சொல்வது சரிதான்.

அன்றிலிருந்து காலையில் ஏழு பாதாம், எண்ணித்தான் தரப்படும். மதியம் ஒரு கைப்பிடி வாற்கோதுமைக் கஞ்சி. கை ஹூஷங்குடையது அல்ல, ஹக்கீமுடையது. ஹக்கீமுக்குச் சின்னக் கை என்று மஹீன் எப்படியோ கண்டுபிடித்திருந்தாள். மாலையில் வெள்ளரிக்காயும் மோரும். எதையும் நாற்பது முறை மென்றுதான் விழுங்கவேண்டும்.

"கஞ்சியை எப்படி நாப்பது தடவை மெல்றது?"

"ஹக்கீம் மென்னாரே!"

இதில் மஹீனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. ஒரே மகள் பரீசெஹ்ர் அதுவரை நான்கு வரன்களைத் தட்டிக்கழித்தவள். ஒருவன் தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரித்தான், இன்னொருவன் அவன் அம்மாவைக் கேட்டுவிட்டுச் சிரித்தான், மற்ற இருவரும் சிரிக்கவே இல்லை. ஐந்தாவதாக, ஆறு வாரத்துக்கு முன்பு பூங்கொத்தும் இனிப்புப் பெட்டியுமாக, அப்பா அம்மா மாமாவோடு பெண்பார்க்க வந்தான் ஸியாவஷ். ஏதோ ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. அவன் போனபிறகு பரீசெஹ்ர் சும்மாவே அடுப்படியில் பாட்டு முணுமுணுத்தாள். பெற்றவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்றிரவு மஹீன் தன் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாப்பிள்ளையோட அப்பாவைப் பாத்தீங்களா? நாணல் மாதிரி நிக்கிறார். என்ன கட்டுப்பாடு! கல்யாணப் படத்துல அவரு பக்கத்துல நீங்க அரிசி மூட்டை மாதிரி நிக்கப்போறீங்க."

மூட்டையை அவிழ்க்கும் வேலை மறுநாளே தொடங்கிற்று. நாற்பத்தோராம் நாளான சனிக்கிழமை ரத்தப் பரிசோதனை. சர்க்கரை இறங்கியிருந்தால் ஹக்கீமைப் பரணில் ஏற்றிவிடலாம், ஒரு முழுத் தட்டுச் சோறு கிடைக்கும். இறங்காவிட்டால் இன்னொரு நாற்பது நாள். அதற்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் மதிய விருந்துக்கு அழைத்துத் தொலைத்தார்கள்.

காரில் மஹீன் புத்தகத்தைப் பிரித்தாள்.

"எட்டாம் அத்தியாயம். 'அயலார் வீட்டு விருந்தில் ஹக்கீம் மூன்று வாய்க்கு மேல் உண்டதில்லை.' கேட்டுச்சா? மூணு வாய்."

"அம்மா, இன்னைக்கு ஒருநாள் ஹக்கீமை விட்டுடேன்," என்றாள் பரீசெஹ்ர். "அவங்க அம்மா ரெண்டு நாளா சமைக்கிறாங்களாம். ஸியாவஷ் சொன்னான்."

"நாப்பது நாள் தவத்தை ஒருநாள் சோத்துல தொலைக்கச் சொல்றியா? மூணு வாய் சாப்பிடுவார். அதுக்குமேல மரியாதையா வேண்டாம்னு சொன்னா விட்டுடுவாங்க."

ஷீராஸில் ஐம்பது வருஷம் குடியிருந்த ஒருத்தி சொல்கிற பேச்சா இது? இந்த ஊரில் முதல் 'வேண்டாம்' மரியாதை. இரண்டாம் 'வேண்டாம்' கூச்சம். மூன்றாம் 'வேண்டாம்' என்றால் இன்னும் இரண்டு கரண்டி வை என்று அர்த்தம். நாலாவது 'வேண்டாம்' சொல்லிப் பிழைத்தவர் யாரையும் ஹூஷங் பார்த்ததில்லை.

வாசலில் மாப்பிள்ளையின் அப்பா இஸ்ஃபந்தியார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். பாதி வழியில் கைகள் அப்படியே நின்றன.

"ஹூஷங் ஜான்! உங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே."

"பாதி ஆளைக் காணோமே!"

துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். கேட்டவர் மட்டும் என்ன, சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழைகிற அளவுக்கு இடமிருந்தது. "கொஞ்சம் கட்டுப்பாடா இருக்கார்," என்று மஹீன் பெருமையாகச் சொன்னதைக் கேட்டதும் மனிதரின் முகம் இன்னும் சுருங்கியது.

உள்ளே தரையில் விரிப்பு விரித்து, நடக்க இடமில்லாமல் தட்டுகள். முட்டைக்கோஸும் குட்டிக் கறியுருண்டையும் போட்ட ஷீராஸிச் சோறு. ஆட்டுக்கறி மிதக்கும் கீரைக் குழம்பு. மாதுளைச் சாற்றில் அக்ரூட்டும் கோழியும். குங்குமப்பூச் சோற்று மலை. நடுவில் தஹ்திக் என்கிற பொன்னிறச் சோற்றுக் காந்தல், முழு நிலவாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஹூஷங்குக்குக் கண் கலங்கியது. ஏழு பாதாமில் ஓடுகிற உடம்பு எதைத்தான் தாங்கும்?

மாப்பிள்ளையின் அம்மா தூபா, மரியாதையாகச் சொன்னால் தூபா கானும், எல்லோரையும் உட்காரவைத்தாள். அவளுடைய தம்பி கெயோமர்ஸ் ஏற்கெனவே மூலையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வாயைச் சாப்பிட மட்டுமே பயன்படுத்துவது என்பது அவருடைய கொள்கை.

இஸ்ஃபந்தியார் ஹூஷங்கின் தட்டில் மலையை ஏற்றினார். "ஆரம்பிங்க சம்பந்தி, ஆரம்பிங்க."

ஹூஷங் ஒரு வாய் எடுத்து நாற்பது முறை மென்றார். இரண்டாவது வாய். மூன்றாவது வாய். நூற்றிருபது முறை தாடை அசைந்து முடிந்தது. கரண்டியை வைத்தார்.

இஸ்ஃபந்தியாரும் சரியாக மூன்று வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியை வைத்தார்.

'பாத்தீங்களா, விருந்தாளி நிறுத்தினா தானும் நிறுத்துற பெரிய மனுஷன்' என்று மஹீன் கண்ணாலேயே பாராட்டினாள்.

"என்ன சம்பந்தி, நிறுத்திட்டீங்க?"

"போதுங்க. வயிறு நெறஞ்சுடுச்சு."

"நெறஞ்சுதா! பூனைக்குட்டி சாப்பிட்ட மாதிரி சாப்பிட்டுட்டு! போடு தூபா, அவரு கூச்சப்படுறார்."

"சத்தியமா வேண்டாம்."

"சத்தியமெல்லாம் பண்றாரு, ரொம்பப் பசி போல," என்று தூபா கானும் இன்னொரு கரண்டி வைத்தாள்.

தட்டில் மலை ஏறியது, ஹூஷங் தொடவில்லை. இஸ்ஃபந்தியாரின் பார்வை அந்தத் தட்டுக்கும் தன் தட்டுக்கும் நடுவே அலைந்தது. ஏதாவது காரணம் சொன்னால்தான் தப்பிக்கலாம் என்று ஹூஷங்குக்குத் தோன்றியது.

"வயிறு கொஞ்சம் சரியில்லை."

ஈரானில் வாழ்கிற ஒருவர் பத்துப் பேர் நடுவில் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால், அது இதுதான்.

"குளிர்ச்சி!" என்றாள் தூபா கானும்.

"குளிர்ச்சியேதான். முகம் வெளுத்திருக்கு பாருங்க," என்றார் இஸ்ஃபந்தியார்.

"தினம் வெள்ளரிக்காயும் மோரும் சாப்பிட்டா குளிர்ச்சி ஏறாம என்ன செய்யும்?" என்று சமயம் பார்த்துப் போட்டுக்கொடுத்தாள் பரீசெஹ்ர். மஹீன் அவளை முறைத்தாள்.

குளிர்ச்சிக்குச் சூடு மருந்து. கற்கண்டு கரைத்த வெந்நீர் ஒரு பெரிய டம்ளர் வந்தது. அக்ரூட் திணித்த பேரீச்சம்பழம் வந்தது. இஞ்சி மிட்டாய் வந்தது. மறுப்பது முடியாத காரியம். சாப்பாட்டை வேண்டாம் என்றால் கூச்சம், மருந்தை வேண்டாம் என்றால் பைத்தியம். நாற்பது நாளாக ஒரு சர்க்கரைக் கட்டியைக்கூடப் பார்க்காத ஹூஷங்கின் தொண்டையில் கற்கண்டுத் தண்ணீர் இறங்கியது. உடம்பு சிலிர்த்தது. மஹீனின் முகத்தில் அடுத்த நாற்பது நாளும் வரிசையாகத் தெரிந்தது.

"இப்ப குளிர்ச்சி போயிருக்குமே?" என்றார் இஸ்ஃபந்தியார் ஆவலாக. "அப்ப சாப்பிடலாம்!"

"இல்லைங்க... எனக்கு ரத்தப் பரிசோதனை இருக்கு. வெறும் வயித்தோட இருக்கணும்."

மருந்து என்ற பெயரில் அரை டம்ளர் கற்கண்டு குடித்தவரின் வெறும் வயிறு! பேச்சைக் கேட்ட ஸியாவஷ் நிமிர்ந்தான். பாவம், நல்ல பிள்ளை, உதவவேண்டும் என்றுதான் நினைத்தான்.

"எப்ப மாமா?"

"நாளைக்குக் காலையில."

"அப்ப ராத்திரி பத்து மணிக்கு மேல சாப்பிடாம இருந்தாப் போதும். இப்ப மத்தியானம் ஒரு மணிதானே ஆகுது?"

"நாளைக்கு இல்ல... இன்னைக்கு. இன்னைக்குச் சாயங்காலம்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை, வார லீவு மாமா. எங்க லேபே மூடியிருக்கு."

எல்லோரும் ஹூஷங்கையே பார்த்தார்கள். கெயோமர்ஸ் மட்டும் கோழிக்காலைத் திருப்பிப்போட்டுக் கடித்தார்.

ஸியாவஷுக்கு ஒரு யோசனை வந்தது. "ஒரு நிமிஷம் மாமா, வீட்டுலயே மெஷின் இருக்கு." ஓடிப்போய்க் கொண்டுவந்தான். வருங்கால மாமனாரின் விரலைப் பிடித்து நறுக்கென்று குத்தினான். பெண்ணெடுக்கும் வீட்டில் மாமனார் ரத்தம் சிந்துவது வழக்கம்தான் என்றாலும், இவ்வளவு சீக்கிரம் யாரும் எடுப்பதில்லை.

"நூத்திப் பதினாலு! இத்தனை கற்கண்டு குடிச்சும் நூத்திப் பதினாலுதான். மாமா, நீங்க கல்லு மாதிரி இருக்கீங்க."

"இறைவனுக்கு நன்றி!" என்று கத்தினார் இஸ்ஃபந்தியார். இரண்டு கையாலும் தஹ்திக்கை அப்படியே தூக்கி ஹூஷங் பக்கம் வைத்தார்.

ஹூஷங் மஹீனைப் பார்த்தார். அவள் அவர் காதோரம் குனிந்தாள்.

"விரல் ரத்தம் செல்லாது. நாளைக்கு நரம்புல எடுக்கிறதுதான் கணக்கு. மூணு வாய் முடிஞ்சுபோச்சு."

இனிச் சொல்வதற்குப் பொய்யும் மிச்சமில்லை. எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, மரியாதையாக மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஹூஷங் முடிவு செய்தார். எழுந்தார். நான்காம் ஓட்டையில் வார் அறுந்தது. கால்சட்டை இறங்கியது. நெஞ்சுக்குப் போகவேண்டிய கை இடுப்புக்குப் பாய்ந்தது.

பார்த்தவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஒரு மனிதர் விருந்தின் நடுவே விருட்டென்று எழுந்து, கால்சட்டையை ஏற்றிக்கொண்டு, "எனக்கு வேண்டாம், விட்டுடுங்க," என்கிறார்.

தூபா கானும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புரிஞ்சுடுச்சுங்க. உங்களுக்கு எங்க உப்பு வேண்டாம்."

"ஐயோ, அப்படி இல்லைங்க..."

"ரெண்டு நாள் அடுப்படியில நின்னேன். பரவாயில்ல. பொண்ணு குடுக்க மனசில்லாதவங்கதான் உப்பைத் தொடமாட்டாங்க. அதை நேராவே சொல்லியிருக்கலாம். வயித்துவலி, பரிசோதனைன்னு எதுக்கு இத்தனை சுத்து? ஸியாவஷ், விரிப்பை எடுத்துடுப்பா."

ஸியாவஷ் அசையவில்லை. இஸ்ஃபந்தியார் சோற்று மலையையே பார்த்தபடி, "எடுக்கணுமா? கொஞ்சம் பொறுக்கலாமே..." என்று முனகினார். சம்பந்தம் முறிகிறதே என்று மனிதர் எவ்வளவு வேதனைப்படுகிறார் என்று ஹூஷங்குக்குத் தாங்கவில்லை.

பிறகு மகளைப் பார்த்தார். நான்கு பேரை நாக்கு நுனியால் விரட்டியவள், இப்போது தட்டில் இருந்த ஒற்றைச் சோற்றுப் பருக்கையை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் தட்டில் விழுந்தது. இந்தப் பெண் ஆறு வயதில் அழுதபோதும் ஹூஷங் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றார். அதற்கு அவரிடம் வைத்தியம் எப்போதுமே கிடையாது.

சட்டென்று உட்கார்ந்தார். கரண்டியை எடுத்தார்.

"மூணு வாய் ஆயிடுச்சு," என்றாள் மஹீன் மெதுவாக.

"மஹீன், ஹக்கீம் செத்து இருநூறு வருஷம் ஆச்சு. என் பொண்ணு உயிரோட இருக்கா."

சாப்பிட்டார். நாற்பது முறையும் இல்லை, நாலு முறையும் இல்லை. மெல்லுகிற வேலையை வயிற்றிடமே ஒப்படைத்துவிட்டார். முதல் தட்டு போன வழி தெரியவில்லை. இரண்டாம் தட்டில் குழம்பு, அதன்மேல் கறி. காந்தலை உடைத்தபோது வந்த சத்தத்தில் அவருக்குப் பரம சுகம்.

"ஆண்டவனே, என்ன கைப்பக்குவம்!" என்று வாய் நிறையச் சொன்னார். சோறும் நிறைய இருந்ததால் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியிலேயே தூபா கானுமின் முகம் மலர்ந்தது. பரீசெஹ்ர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் தட்டில் அம்மாவும் மகளும்கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

இஸ்ஃபந்தியாரைத்தான் யாரும் கவனிக்கவில்லை. ஹூஷங் ஒரு வாய் எடுத்தால் அவரும் ஒரு வாய். ஹூஷங் ஒரு கறித்துண்டு எடுத்தால் அவரும் ஒரு துண்டு. மூன்றாம் தட்டு முடிகிற நேரத்தில் தூபா கானும் திரும்பினாள், புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதுங்க! மூணு தட்டா!"

"கையை விடு. விருந்தாளி சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். அவரைவிட ஒரு வாய் குறைச்சுச் சாப்பிட்டாலும் பாவம். ஒன்பதாம் அத்தியாயம்!"

மஹீனின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"எந்தப் புத்தகத்துல ஒன்பதாம் அத்தியாயம்?"

"ஹக்கீம் தவக்குல்னு ஒருத்தர்," என்றாள் தூபா கானும். "நூத்திரெண்டு வயசு வாழ்ந்தவர். இவரை ரெண்டரை மாசமா அதுலதான் வெச்சிருக்கேன். நான் வாங்கினது மூணாம் பதிப்பு. காலையில ஏழு பாதாம்..."

"எண்ணித்தானே குடுக்குறீங்க?"

"பின்ன? கைப்பிடி விஷயத்துலதான் இவரோட ஓயாத சண்டை. ஹக்கீமுக்குச் சின்னக் கைன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறார்."

"சின்னக் கைதான்! நானும் அதையேதான் சொல்றேன்!"

இரண்டு பெண்களும் எழுந்து கட்டித் தழுவிக்கொண்டார்கள். கல்யாணத் தேதி அங்கேயே, பாத்திரம் எடுப்பதற்கு முன்பே குறிக்கப்பட்டது. ஹூஷங்கும் இஸ்ஃபந்தியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே சிறையில் அடுத்தடுத்த அறையில் இருந்த இரண்டு பேர் வெளியே சந்தித்தால் அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு ஆளுக்கு இரண்டு கிண்ணம் ஃபாலூதா சாப்பிட்டார்கள்.

கிளம்பும்போது, வாசலில் செருப்பைத் தேடியபடி ஹூஷங் நிறைவாகப் பெருமூச்சு விட்டார். ஒரு கை கால்சட்டையில் இருந்தது. இப்போது அதற்கு அவ்வளவு அவசியமில்லை. பக்கத்தில் கெயோமர்ஸ் பல்குத்திக்கொண்டு நின்றார்.

"என்னதான் சொல்லுங்க," என்றார் ஹூஷங், "அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தப்பவே என் பொண்ணை உங்க அத்தானுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. முகத்துலயே தெரிஞ்சுது."

கெயோமர்ஸ் அன்று முதன்முறையாக வாயைப் பேசுவதற்காகத் திறந்தார்.

"பொண்ணையா? ஸியாவஷுக்காக ஏழு வீடு ஏறி இறங்கினோம். உங்க வீட்டுல மட்டும், பொண்ணு டீத் தட்டை எடுத்துக்கிட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே, உங்க தொப்பையைப் பாத்துட்டு 'இந்தச் சம்பந்தத்தை மட்டும் விட்டுடாதடா, வாராவாரம் விருந்துக்குக் கூப்பிடலாம்'னு அத்தான் என் காதைக் கடிச்சுட்டாரு!"